முள்கரண்டி என்ன சொல்கிறது? புரூனோ முனாரியின் விளையாட்டுக் கலை

கேள்வி சுருக்கமாக இது: இத்தாலிக்குப் போனபோது புரூனோ முனாரி என்ற எழுத்தாளர், வடிவமைப்பாளர் ஒருவரின் கண்காட்சியைக் குடும்பத்தோடு பார்த்தோம். பற்களை வளைத்துவிட்ட முள்கரண்டிகள், ஓர் எழுத்துகூட இல்லாத புத்தகங்கள், உட்கார்ந்தால் வழுக்கிவிடும் நாற்காலி என்று ஒரே வேடிக்கை. எட்டு வயது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இது கலையா, வெறும் விளையாட்டா? இவரை ஏன் பெரிய ஆள் என்கிறார்கள்? "இந்த ஸ்பூன் என்னப்பா சொல்லுது?" என்று மகள் கேட்டதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்:

உங்கள் மகள் கேட்டதுதான் அந்த அறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

இத்தாலியர்கள் வாயால் பேசுகிற அளவுக்குக் கையாலும் பேசுகிறவர்கள். 1832-இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பாதிரியார் ஆந்த்ரேயா தெ யோரியோ அந்த ஊர் மக்களின் கைச்சைகைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். பழங்கால ஜாடிகளில் வரைந்திருக்கும் மனிதர்கள் கையை ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா, இன்றைக்குத் தெருவில் போகிறவர்களின் கையைப் பாருங்கள் என்பது அவர் வாதம். முனாரி 1958-இல் அந்த வேலையைத் தன் வழியில் எடுத்துச் செய்தார். இத்தாலிய அகராதிக்கு ஒரு பிற்சேர்க்கை என்று பெயர் வைத்து, சைகைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு மொழிகளில் பொருள் எழுதினார். ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து மணிக்கட்டை ஆட்டினால் "என்னதான் வேணும் உனக்கு?" என்று அர்த்தம். எந்த அகராதியிலும் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது.

முள்கரண்டிகளும் அதே 1958-தான். பிடியை முன்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற பகுதி உள்ளங்கை, பற்கள் விரல்கள். ஒரு பல்லை மட்டும் நீட்டி மற்றவற்றை மடக்கினால் அது யாரையோ சுட்டிக்காட்டுகிறது. எல்லாவற்றையும் சுருட்டினால் முஷ்டி. இரண்டே இரண்டு அசைவில் கரண்டிக்குக் குணம் வந்துவிடுகிறது, கோபம் வருகிறது, கெஞ்சல் வருகிறது. ஆக, மகளிடம் தயங்காமல் சொல்லலாம்: அந்தக் கரண்டி இத்தாலிய மொழியில் கைச்சைகை காட்டுகிறது. அதன் பொருளை அகராதி பார்த்துச் சொல்ல முடியும், அந்த அகராதியை எழுதியவரும் அதே ஆள்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முள்கரண்டியால் இனி சாப்பிட முடியாது. அதன் பயன் போய்விட்டது. பயன் போன அந்த நிமிடத்தில்தான் அது ஒரு கையைப் போல இருப்பது நம் கண்ணில் படுகிறது. அது முன்பும் அப்படித்தான் இருந்தது. நாம் அதைக் குத்தவும் தூக்கவும் பயன்படுத்திக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. முனாரி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் செய்த வேலையின் மையம் இதுதான் என்பது என் எண்ணம். ஒரு பொருளிடமிருந்து நாம் எதிர்பார்க்கும் வேலையைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, அது வேறு என்னென்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பது. வேடிக்கை அதில் தானாக வருகிறது. அவர் வேடிக்கை காட்டுவதற்காக உட்கார்ந்து யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய தொடக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1907-இல் மிலானில் பிறந்தவர், பதீயா பொலெசினே என்ற சிற்றூரில் வளர்ந்து, இளைஞனாக மிலானுக்குத் திரும்பினார். 1920களின் பிற்பகுதியில் எதிர்காலவாதிகள் என்ற கலைக் குழுவோடு சேர்ந்தார். மாரினெட்டி என்ற கவிஞர் 1909-இல் தொடங்கிய இயக்கம் அது. வேகம், இரைச்சல், மோட்டார், போர் இவையெல்லாம்தான் புதிய அழகு என்று முழங்கியவர்கள். எந்திரம் அவர்களுக்குக் கடவுள் மாதிரி. அப்போது இத்தாலியில் முசோலினி ஆட்சி வேறு.

அந்தக் கூட்டத்தில் இருந்துகொண்டு 1933-இல் முனாரி என்ன எந்திரம் செய்தார் தெரியுமா? வண்ணம் பூசிய அட்டைத் துண்டுகள், மெல்லிய மரக்குச்சிகள், சிலவற்றில் கண்ணாடி உருண்டைகள், எல்லாவற்றையும் பட்டு நூலில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. அறைக்குள் யாராவது நடந்தால் எழும் காற்றுக்கு அது மெதுவாகத் திரும்பும். பெயர்: பயனற்ற எந்திரம். அந்தப் பெயருக்கு அவரே விளக்கம் கொடுத்தார். இவை எந்தப் பண்டத்தையும் உற்பத்தி செய்வதில்லை, வேலையாட்களைக் குறைப்பதில்லை, மூலதனத்தைப் பெருக்குவதில்லை, அதனால் பயனற்றவை. போருக்கு எந்திரம் செய்துகொண்டிருந்த நாட்டில் இது எவ்வளவு தெளிவான பேச்சு! குரலை உயர்த்தாமல் பேசியதால்தான் பலருக்கும் அது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். நண்பர்கள் பலரும் இந்த எந்திரங்களைக் குழந்தைகள் அறையில் தொங்கவிட்டார்கள், வரவேற்பறையில் வைத்ததோ பெரிய சிற்பிகளின் சிற்பங்களையும் பெரிய ஓவியர்களின் ஓவியங்களையும் என்று முனாரியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அலெக்சாண்டர் கால்டர் என்ற அமெரிக்கச் சிற்பியின் தொங்கும் சிற்பங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். இரண்டும் ஒன்றுதானே என்று பலர் கேட்பார்கள். காலம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் யோசனை வேறு. கால்டரின் துண்டுகள் மரக்கிளையில் இலைகள் ஆடுவது போல விரியும். முனாரியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாத் துண்டுகளின் அளவும் ஒன்றோடொன்று விகிதத்தில் கட்டுண்டவை. ஒவ்வொரு துண்டின் இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக வண்ணம் பூசப்பட்டிருக்கும். ஆகவே அது திரும்பத் திரும்ப, முன்பு பார்த்த சேர்க்கை கலைந்து இன்னொன்று உருவாகும். ஓவியம் சுவரில் அசையாமல் நிற்கிறதே, அதன் வடிவங்களைச் சட்டத்திலிருந்து அவிழ்த்துக் காற்றில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

இதைச் செய்து பார்த்தால்தான் அதன் கண்டிப்பு தெரியும். நான் புத்தக வடிவமைப்பு வேலை செய்கிறேன், கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு வகுப்பும் எடுப்பேன். ஒருமுறை அவர்களோடு சேர்ந்து இந்த எந்திரத்தைக் கட்டினோம். முதலில் கெட்டி அட்டையும் நைலான் நூலும் எடுத்தோம். அசையவே இல்லை. நைலான் முறுக்கிக்கொண்டு நின்றது. அப்புறம் சார்ட் பேப்பர், விளக்குமாற்று ஈர்க்குச்சி, ஒற்றைப் பட்டு நூல் என்று மாற்றினோம். ஈர்க்குச்சியில் நூலைக் கட்டும் இடத்தை ஒரு நெல் அளவு நகர்த்தினாலும் மொத்தமும் சாய்ந்துவிடும். கனமான துண்டு கட்டுக்குப் பக்கத்தில், இலேசானது தள்ளி, தராசு போலத்தான். அரை நாள் ஆயிற்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள். இரண்டு மூன்று விநாடி கழித்து எந்திரம் திரும்பத் தொடங்கியது. கதவிலிருந்து அதுவரைக்கும் காற்று நடந்துவந்த நேரம் அது. அந்த அறையில் பல ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சரி, எழுத்தில்லாத புத்தகத்துக்கு வருவோம். 1949-இல் தொடங்கி வாழ்நாள் முழுக்க அவர் செய்த வரிசை இது. வாசிக்க முடியாத புத்தகங்கள் என்று பெயர். 1950-இல் மிலானில் சால்தோ என்ற புத்தகக்கடையில் முதலில் காட்சிக்கு வைத்தார். கதை இல்லை, படம் இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை. வண்ணத் தாள்கள், வெட்டிய தாள்கள், குறுக்காகக் கிழிந்த பக்கங்கள். 1953-இல் நெதர்லாந்தின் ஹில்வெர்சும் ஊரில் ஓர் அச்சகம் வெளியிட்ட புத்தகத்தில் வெள்ளையும் சிவப்பும் மட்டும். பக்கங்கள் கோணல் மாணலாக வெட்டப்பட்டிருக்கும், திருப்பத் திருப்ப இரண்டு நிறமும் இடம் மாறிக்கொண்டே போகும். 1967-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காகச் செய்த ஒன்றில் பக்கங்களின் ஊடாக ஒரு சிவப்பு நூல் ஓடும்.

புத்தகத்திலிருந்து சொற்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? தாளின் தடிமன், அதன் சரசரப்பு, ஒரு பக்கத்தைத் திருப்பும்போது கைக்குக் கிடைக்கும் எடை, அடுத்தது என்ன என்ற எதிர்பார்ப்பு. புத்தக வேலையில் இருக்கிறவனாகச் சொல்கிறேன், இவைதான் நாங்கள் தினமும் புழங்கும் பொருட்கள். ஆனால் வாசகர் கண்ணில் இவை படக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எழுத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கையில் கொடுத்தவர் முனாரி.

அந்தச் சோதனை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1956-இல் இருட்டு இரவைப் பற்றி ஒரு குழந்தைகள் புத்தகம் செய்தார். கறுப்புத் தாளில் நீல மையில் உருவங்கள், தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தப் புள்ளி தாளில் போட்ட ஓர் ஓட்டை. பக்கம் பக்கமாக அதைத் தொடர்ந்து போனால் அது மின்மினி. விடிந்ததும் டிரேசிங் பேப்பரில் புல்வெளி வருகிறது, அப்புறம் சொரசொரப்பான சாம்பல் தாளில் குகை வருகிறது. 1968-இல் மிலான் நகரத்து மூடுபனியைப் பற்றி ஒன்று. மூடுபனியை அவர் வரையவே இல்லை. அரைகுறையாக ஒளி ஊடுருவும் டிரேசிங் பேப்பர்தான் பனி. அடுத்த பக்கத்துப் பேருந்தும் விளக்குக் கம்பமும் மங்கலாகத் தெரியும், தாளைத் திருப்பினால் நெருங்கி வரும். பனியைத் தாண்டினால் பளீரென்ற வண்ணத் தாள்களில் சர்க்கஸ். சர்க்கஸ் முடிந்து வீடு திரும்ப மறுபடி பனிக்குள் நுழைய வேண்டும். வாசிக்க முடியாத புத்தகங்களில் தாளிடம் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் இங்கே கதை சொல்ல வந்துவிட்டது.

இன்னொரு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: இவர் ஏன் பெரிய ஆள்? விளையாட்டும் வேலையும் அவரிடம் ஒரே கையிலிருந்து வந்தன. 1964-இல் தனேஸே என்ற வடிவமைப்புப் பொருள் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த தொங்குவிளக்கைப் பாருங்கள். காலுறை நெய்கிற தொழிற்சாலைக்குப் போய், எனக்கு ஒரு விளக்கு செய்து தர முடியுமா என்று கேட்டார். நாங்கள் விளக்கு செய்வதில்லையே என்றார்கள். செய்வீர்கள் பாருங்கள் என்றார். குழாய் போலப் பின்னிய மீள்துணிக்குள் வெவ்வேறு விட்டமுள்ள உலோக வளையங்களைப் போட்டு, மேலே பிடித்துத் தொங்கவிட்டால், வளையங்களின் எடையில் துணி இழுபட்டு மூங்கில் கணு போல ஓர் உருவம் வந்துவிடுகிறது. விளக்கின் உருவத்தைப் புவியீர்ப்பே செய்துகொள்கிறது. ஆள் உயர விளக்கு, மடித்தால் ஒரு தட்டையான பெட்டிக்குள் அடங்கும். பயனற்ற எந்திரத்தைத் தொங்கவிட்ட அதே ஆள், தொங்குதல் என்றால் என்ன என்று முப்பது வருஷம் பார்த்த பிறகு செய்த பொருள் இது. உள்ளே கம்பி வைத்த நுரை ரப்பர் குரங்குப் பொம்மை ஒன்றும் செய்தார். எப்படி வேண்டுமானாலும் வளைத்து உட்காரவைக்கலாம். அதற்கு 1954-இல் இத்தாலியின் பெரிய வடிவமைப்பு விருதான கொம்பாஸோ தோரோ கிடைத்தது.

அந்த வழுக்கும் நாற்காலிக்கும் ஒரு வார்த்தை. 1945-இல் செய்தது, மிகக் குறுகிய வருகைகளுக்கான நாற்காலி என்று பெயர். இருக்கை சரிவாக இருப்பதால் விருந்தாளி நெடுநேரம் உட்கார முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையில், சொகுசில்லாத சாய்வு நாற்காலியில் சொகுசைத் தேடி அவரே குப்புறவும் தலைகீழாகவும் உட்கார்ந்து பார்க்கும் புகைப்பட வரிசையைப் போட்டிருந்தார். ஆண்டுதோறும் புதுப்புது நாற்காலிகள் வருகின்றன, உட்கார்கிற மனிதரை யாராவது கவனித்தார்களா என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது.

இனிக் கண்காட்சி என்பதையே அவர் எப்படிப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்த்ததற்கும் அவர் நடத்தியவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும். 1962-இல் மிலானில் ஒலிவெட்டி தட்டச்சுப்பொறி நிறுவனத்தின் விற்பனைக்கூடத்தில், அசையும் கலைப்பொருட்களுக்கு ஒரு கண்காட்சி அமைப்பதில் அவர் முன்நின்றார். கையேட்டுக்கு எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ எழுதினார். தட்டச்சுப்பொறி வாங்க வந்தவர்களும் பார்த்துவிட்டுப் போனார்கள். 1963 வாக்கில் ஜெராக்ஸ் எந்திரத்தின் கண்ணாடியில் படத்தை வைத்து, ஒளி நகரும்போது தாளையும் நகர்த்தி, இழுபட்டு நெளியும் உருவங்களை எடுக்கத் தொடங்கினார். நகல் எடுக்கும் எந்திரத்திடம் ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள படத்தைக் கேட்டார் என்று சொல்லலாம். 1970 வெனிஸ் பியென்னாலே கண்காட்சியில் அந்த எந்திரத்தையே வைத்து, வருகிறவர்களும் செய்து பார்க்க விட்டார்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது 1969 செப்டம்பர் 21 அன்று கோமோ நகரில் நடந்தது. ஊரின் தெருக்களிலும் சதுக்கத்திலும் கலைஞர்கள் ஒருநாள் முழுக்க ஏதாவது செய்யலாம் என்று ஏற்பாடு. முனாரி கொண்டுவந்தது வெறும் காகிதம். தேவாலயச் சதுக்கத்துக் கோபுரத்தின் மேலிருந்து, மடித்தும் வெட்டியும் செய்த காகித வடிவங்களை மக்கள் கீழே விட்டார்கள். ஒன்று சுழன்று இறங்கும், ஒன்று சறுக்கிக்கொண்டு போகும், ஒன்று மேலே எழும்பித் தயங்கும். காற்றைக் காட்டுவது என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர். அதை வாங்கவோ விற்கவோ, எந்தச் சுவரிலும் மாட்டவோ முடியாது. 1933-இல் பட்டு நூலில் தொடங்கியது இங்கே ஒரு ஊரின் வானம் வரைக்கும் வந்திருக்கிறது.

அதனால்தான் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இன்றைக்கு முனாரியின் பொருட்கள் பல இடங்களிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பழைய பிரதிகள் அபூர்வமானவை, காப்பாற்றத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திருப்பவே முடியாத வாசிக்க முடியாத புத்தகம் பாதிதான் புத்தகம். காற்றில்லாத பெட்டியில் தொங்கும் எந்திரம் திரும்பாது. உங்களுக்கு எதுவும் பிடிபடவில்லை என்றீர்களே, அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. கைக்குச் செய்ததைக் கண்ணுக்கு மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். 1977-இல் மிலானின் பிரேரா ஓவியக்கூடத்தில் அவர் தொடங்கிய குழந்தைகள் பட்டறையில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. பழம்பெரும் ஓவியங்கள் இருக்கும் கட்டடத்துக்குள், குழந்தைகள் தாளைக் கிழித்து, ஒட்டி, அச்செடுத்து, ஒரு கோடு எத்தனை விதமாக இருக்க முடியும் என்று கையால் தேடினார்கள். பெரியவர்கள் செய்ததற்கு விளக்கவுரை கிடையாது. 1998-இல் தொண்ணூறு வயதில் இறக்கும் வரைக்கும் இந்தப் பட்டறைகளில் அவருக்கு அக்கறை குறையவில்லை.

கலையா விளையாட்டா என்ற கேள்விக்கு, முனாரியைப் பொறுத்தவரை அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று என்னால் காட்ட முடியாது. காட்ட வேண்டிய அவசியமும் எனக்கு வந்ததில்லை. கட்டுக்கோப்பு இல்லாத விளையாட்டு அவரிடம் ஒன்றுகூட இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் மகள் சிரித்தது சரியாகப் பார்த்ததால்தான்.

அவருடைய குழந்தைகள் புத்தகங்களை மாந்தோவா நகரத்தின் கொர்ரயீனி பதிப்பகம் இன்றும் அச்சில் வைத்திருக்கிறது. பனிப் புத்தகத்தை வாங்க முடிந்தால் வாங்குங்கள், இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் குறையில்லை. தன் மகனுக்காகச் செய்து 1945-இல் வெளிவந்த மடிப்புப் புத்தகங்களில் ஒன்றும் உங்கள் மகளுக்குப் பொருந்தும். யானை பறவையாக வேண்டும் என்று கனவு காண்கிறது, பறவை மீனாக, மீன் பல்லியாக, பல்லி மாடாக, மாடு யானையாக. ஒவ்வொரு விலங்கின் மேலும் ஒட்டிய மடிப்பைத் திறந்தால் அதன் தலைக்குள் இருக்கும் ஆசை தெரியும்.

முள்கரண்டியை வீட்டிலேயே செய்யலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், கை நோகும், வளைந்ததும் நினைத்த இடத்தில் நிற்காது. பாத்திரக் கடையில் மலிவான அலுமினிய முள்கரண்டி கிடைத்தால் அரை டஜன் வாங்குங்கள். வளைப்பது நீங்கள், குறட்டின் வாயில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பல்லை வளைத்துவிட்டுத் திரும்ப நிமிர்த்தக் கூடாது, இரண்டாம் முறை முறிந்துவிடும். அதனால் முதலில் மகள் தன் கையால் சைகையைக் காட்டட்டும், நீங்கள் அந்த விரல்களைப் பார்த்துத் தாளில் வரையுங்கள், அப்புறம் குறட்டை எடுக்கலாம். இத்தாலியச் சைகைதான் வேண்டும் என்றில்லை. "போதும், சோறு வேண்டாம்" என்று இலைக்கு மேல் கையை விரிப்போமே, அதற்கு நான்கு பற்களும் எப்படி இருக்க வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.